வேர்க்கடலைக் கொல்லையில் கவிழ்ந்த விமானம்

நங்கநல்லூர்
12 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய ஆண்ட்டிக்கு,

சாய்நாத் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு காகிதத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குச் சிவப்புப் பேனாவை எடுக்கத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டதால் ஆறு வாரத்துக்குப் போன், கம்ப்யூட்டர், டிவி எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீறிப் பார்த்தால் உடனே குமட்டுகிறது. காகிதம் மட்டும் ஒன்றும் செய்வதில்லை.

அம்மாவின் போனில் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் போனில் நீங்களும் நானும் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", "கரோல்கிட்ட குடுக்கறேன்" என்பதைத் தாண்டியதே இல்லை. நான் கேட்க வந்தது அதற்குள் அடங்காது.

முதலில், உங்கள் கை எப்படி இருக்கிறது? வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு என்று அம்மா சொன்னாள். என் இடது காலில் தகடு வைத்திருக்கிறார்கள். அடையாறு வீடு மூன்றாவது மாடி, லிஃப்டும் கிடையாது என்பதால் அப்பா அம்மாவோடு இங்கே இருக்கிறேன். கரோல் உங்களோடு சாந்தோமில் இருப்பது நல்லதுதான். ஒற்றைக் கையோடு நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள்?

அவள் என்னோடு பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்தபோது பக்கத்தில்தான் இருந்தாள். என் பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொல்கிறேனா என்று நர்ஸ் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லாம எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிருக்க" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். நான் மாத்திரை போடுகிறேனா என்று அம்மாவிடம் தினமும் கேட்கிறாளாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. செங்கராம்பட்டு ஃப்ளையிங் கிளப்பில் விமானத்தைக் கிளப்பியது ஞாபகம் இருக்கிறது. பாலாறு தெரிந்ததும் நீங்கள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஆஸ்பத்திரி மின்விசிறிதான். இறங்கும்போது ஏன் கவிழ்ந்தோம், நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், எதுவுமே தெரியாது. அந்த விமானத்தில் இரண்டே இரண்டு சீட். இன்னொன்றில் இருந்தது நீங்கள். விசாரணை அதிகாரி என் வாக்குமூலம் கேட்டிருக்கிறார். அவர் கேட்காவிட்டாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

என்னைக் காப்பாற்றிச் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

உங்களை உயிரோடு வைத்திருக்கும் எந்தச் சாமியானாலும் அதற்கு என் நன்றி.

சாய்நாத்


சாந்தோம்
19 ஆகஸ்ட் 2024

சாய்நாத் அவர்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும். ஒரு வரி எழுதினால் ஓய்வு தேவைப்படுகிறது.

இருவரும் உயிரோடு இருக்கிறோம். மாதாவுக்கு நன்றி. கை பரவாயில்லை.

நீங்கள் கேட்டிருப்பது நீளமான பதில். இந்தக் கையால் முடியாது. மாவுக்கட்டுப் பிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் இப்போதே. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்காகக் கரும்பலகையில் வரைந்த பாலாற்றை நான் மேலிருந்து பார்த்துவிட்டேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல ஆஸ்பத்திரியிலேயே நினைத்தேன். கரோல் இருந்தாள். அதனால் சொல்லவில்லை.

ஃப்ளோரன்ஸ் மேத்யூ


நங்கநல்லூர்
28 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய ஆண்ட்டிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அந்த எழுத்தை எழுத எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. நன்றி சொன்னீர்கள், அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கையை உடைத்தவனுக்கு நன்றியா?

கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று கிளப் செயலாளர் வீடு தேடி வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார், காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார், பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "சார், ஓடுபாதை பக்கத்துல காத்து எந்தப் பக்கம்னு காட்டற துணிப்பை இருக்குல்ல, அது நல்ல கண்டிஷன்லதானே இருந்துச்சு? ஸ்டேட்மெண்ட்ல அதை ஒரு வரி போட்டுடுங்களேன்." எனக்கு ஞாபகமில்லை என்றேன். "அப்ப நல்லா இருந்துச்சுன்னே போடலாமே சார், உங்களுக்கு என்ன போச்சு?" என்றார். தலை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஓடுபாதையில் டயர் தடங்களை அளந்தார்களாம். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் எகிறியிருக்கிறது, விழுந்திருக்கிறது, மறுபடி எகிறியிருக்கிறது. முதல் எகிறலிலேயே முழு விசை கொடுத்து, தரையிறங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்க வேண்டும். பறக்கக் கற்றுக்கொண்ட முதல் மாதத்திலிருந்து என் மண்டையில் ஏற்றிய பாடம் அது. எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? என்னை நம்பி ஏறியவர் பக்கத்தில் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்? இதுதான் என்னை அரிக்கிறது.

வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்தான் பெல்ட்டை அறுத்து நம்மை வெளியே எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் பெயராவது தெரியுமா?

அம்மா ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போய் வடைமாலை சாத்தினாள். "அந்த மாமிக்கும் சேத்துத்தான் வேண்டிண்டேன். அவாளுக்கு ஆட்சேபணை இருக்காதோல்லியோ?" என்று கேட்டாள். இருக்காது என்று நானாகச் சொல்லிவிட்டேன். சரிதானே?

சாய்நாத்


சாந்தோம்
7 செப்டம்பர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழகியதுதான். நான் சொல்லச் சொல்லக் கரோல் எழுதுகிறாள். "நான் சொல்றேன், நீ எழுது" என்றேன். "யாருக்கு?" என்றாள். "உன் புருஷனுக்கு" என்றதும், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னாள். "இல்ல, உனக்கும் தெரியணும்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அவள் குறுக்கே பேசுவதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை என்று உங்களை இதுவரை அழைத்ததில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணத்துக்கு நான் வரவில்லை. கோவிலில் நடக்காத கல்யாணத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது நீங்கள் விமானத்திலிருந்து ஏரிகள் எப்படித் தெரியும் என்று சொன்னீர்களே, அப்போது "எனக்கும் ஒரு தடவை காட்டுவீங்களா" என்று நானாகக் கேட்டேன். நீங்கள் என்னை வற்புறுத்தவில்லை. இது கரோலுக்கு இன்றுதான் தெரிகிறது.

அடுத்தது கடினமானது. "விடியக்காலைல கிளம்பிடலாம் ஆண்ட்டி. ஆடி மாசம், வெயில் ஏறினா காத்தும் ஏறிடும்" என்று நீங்கள் சொன்னீர்கள். முடியாது என்றது நான். விடியற்காலையில் நீங்கள் அடையாற்றிலிருந்து காரை எடுத்தால் கரோல் எங்கே என்று கேட்பாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல்தான் அவள் தி.நகர் பல் கிளினிக்கில் வேலைக்குப் போவாள். அவள் போன பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, பள்ளியைக் கட் அடிக்கும் பெண்ணைப்போலப் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அதனால்தான் நடு மதியத்தில் பறந்தோம்.

(இந்த இடத்தில் கரோல் பேனாவை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். நான் கூப்பிடவில்லை. தானாக வந்து, "சொல்லு" என்றாள்.)

துணிப்பையைப் பற்றிக் கேட்டீர்கள். அது நல்ல நிலையில் இல்லை. பாதி கிழிந்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. நான் பூகோளம் நடத்தியவள், காற்றைப் பற்றி எது இருந்தாலும் கண் போய்விடும். "இதா காத்தைக் காட்டப் போகுது?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, "போன மாசமே மாத்தறேன்னாங்க" என்றீர்கள். அந்தச் செயலாளரிடம் இதை நானே சொல்கிறேன், அவரை இங்கே அனுப்புங்கள்.

மேலே போனதும் நான் பார்த்ததை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் தாண்ட முடியாது. பாலாறு முழுக்க மணல், நடுவில் நூல்போல ஒரே ஒரு கோட்டில் தண்ணீர். ஏரிகளில் பாதி வறண்டிருந்தாலும் வடிவம் தெரிந்தது. ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் கீழே அடுத்த ஏரி, அது வழிந்தால் அதற்கடுத்தது. இதைப் புத்தகத்தில் படித்து, பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி, நானே பாதிதான் நம்பியிருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை நீங்கள் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

திரும்பும்போது காற்று தூக்கிப் போட ஆரம்பித்தது. எனக்கு வாந்தி. நிற்கவே இல்லை. கிளப்பில் ரேடியோ வைத்திருந்தவர், "சார், இங்க காத்து தூக்குது. கொஞ்ச நேரம் மேலயே சுத்திக்கிட்டு இருங்க" என்றார். எனக்கும் காதில் கேட்டது. நீங்கள் என்னிடம், "ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கறீங்களா ஆண்ட்டி?" என்றீர்கள். "ஐயோ, முடியாது. எறக்குங்க, இப்பவே எறக்குங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தீர்கள். விமானத்தை ஓடுபாதைக்குத் திருப்பினீர்கள்.

பக்கவாட்டில் தள்ளாடிக்கொண்டே இறங்கினோம். சக்கரம் தட்டி எகிறியது. நீங்கள், "மேல போறேன் ஆண்ட்டி" என்று சொல்லி நடுவில் இருந்த அந்தப் பிடியை உள்ளே தள்ளினீர்கள். இயந்திரம் அலறியது. மறுபடியும் மேலே போகிறோம் என்று தெரிந்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. உங்கள் வலது கையை என் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "வேணாம், மேல போகாதீங்க!" என்று கத்தினேன். நீங்கள், "கைய விடுங்க ஆண்ட்டி" என்றீர்கள். அப்போதுகூடக் கத்தவில்லை. நான் விடுவதற்குள் விமானம் தரையில் மோதி, மறுபடி எகிறி, முன்சக்கரம் ஒடிந்து, ஓடுபாதையை விட்டு வெளியே போய்க் குப்புறக் கவிழ்ந்தது.

ஏன் மேலே போகவில்லை என்று கேட்டீர்கள், மாப்பிள்ளை. போனீர்கள். நான்தான் பிடித்து இழுத்தேன்.

(கரோல்: "இதை எழுதணுமாம்மா?" நான்: "இதை எழுதத்தான் உன்னக் கூப்பிட்டேன்.")

தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கினோம். பெட்ரோல் வாடை. நீங்கள் பேசவில்லை. ஏறுவதற்கு முன் நீங்கள் கைகாட்டிச் சொன்னது எனக்கு அப்படியே வந்தது: சிவப்பு சுவிட்சை அணைக்கணும், தரையோரம் இருக்கிற பெட்ரோல் பிடியை மூடணும், கதவைத் திறக்கணும். தரை தலைக்கு மேலே இருந்தது, தேடித் தேடி மூடினேன். வலது கை தொங்கியது, இடது கையால்தான் செய்தேன். அதற்குள் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஓடி வந்தாள். பெயர் ஷகீலா. "பயப்படாதம்மா, நான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த அரிவாளால் முதலில் உங்கள் பெல்ட்டை அறுத்தாள். உங்களைத்தான் முதலில் எடுக்கச் சொன்னேன். வரப்பு வரை இழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னையும் எடுத்தாள். தன் புடவையைக் கிழித்து உங்கள் நெற்றியில் கட்டினாள்.

தீப்பிடிக்கவில்லை. நீங்கள் அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திராவிட்டால் எனக்கு எந்த சுவிட்ச் என்று தெரிந்திருக்குமா? நம்மைக் காப்பாற்றியதில் ஷகீலாவுக்கு அடுத்தது நீங்கள்தான்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் சாந்தோம் கோவிலில் உங்கள் பெயருக்குப் பூசை வைத்தேன். அவர்களுக்கு ஆட்சேபணை இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நீயும் ஒரு வரி எழுதுகிறாயா என்று கரோலைக் கேட்டேன். "இது உன் லெட்டர்மா" என்கிறாள்.

ஃப்ளோரன்ஸ்


நங்கநல்லூர்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். அம்மா, "என்னடா, என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "ஒடஞ்ச கையோட உன்ன முதல்ல எடுக்கச் சொல்லியிருக்காடா. நாம மூணு வருஷமா அவாத்து வாசப்படியை மிதிக்கலையே" என்றாள். பூசையைப் பற்றிக் கேட்டேன். "பேஷா பண்ணட்டும்" என்றாள்.

படித்த பிறகும் நினைவு வரவில்லை. நீங்கள் எழுதியிருப்பது யாரோ ஒருவனுக்கு நடந்ததுபோல இருக்கிறது. ஆனால் "மேல போறேன்" என்று அவன் சொன்னான் என்று படித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நீங்கள் சொல்லியிராவிட்டால் ஆயுசுக்கும் எனக்கு அது தெரிந்திருக்காது. மறைத்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அதையும் கரோலையே எழுத வைத்து அனுப்பினீர்களே! இதற்கு எப்படி நன்றி சொல்வது?

ஆனால் உங்கள் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயந்தவர் கையைப் பிடிக்கத்தான் செய்வார். தண்ணீரில் விழுந்தவர் கிடைத்ததைப் பிடிப்பதில்லையா? கதவு, சுவிட்ச் எல்லாம் சொல்லிக்கொடுத்தவன், இறங்கும்போது என் கையைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. கிழிந்த துணிப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறியவன் நான். நேரம் தப்பிவிட்டது, இன்னொரு நாள் போகலாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நீங்கள் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், இல்லை என்று சொன்னால் மறுபடி கேட்க மாட்டீர்களோ என்று பயந்திருப்பேன். மேலே காத்திருக்கச் சொன்னபோதும் அப்படித்தான். உங்கள் முகத்தைப் பார்த்தேன் என்கிறீர்கள். காற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். விசாரணை அதிகாரியிடம் கையைப் பிடித்ததைச் சொல்லாதீர்கள். எனக்கு நினைவில்லை என்பது மருத்துவச் சான்றிதழிலேயே இருக்கிறது. விமானியின் தவறு என்று எழுதிக்கொள்ளட்டும். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதை நான் விரும்பவில்லை. துணிப்பையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், அது அடுத்து வருபவர்களுக்காக.

கரோல் இதைப் படிப்பாள் என்று தெரியும். உங்களுக்கு எழுதும் கடிதத்துக்குள் புகுந்து அவளிடம் கெஞ்சுவது சரியில்லை. ஒளித்தது தப்பு. அது மட்டும்.

சாய்நாத்


சாந்தோம்
20 அக்டோபர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இது என் கையெழுத்து. விரல்கள் இன்னும் விறைப்பாக இருக்கின்றன, இருந்தாலும் சாப்பாட்டை நானே பிசைகிறேன்.

உங்கள் வேண்டுகோளை நான் கேட்கவில்லை. கோபிக்க வேண்டாம். விசாரணை அதிகாரி இனாயத் இங்கே வந்திருந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பிடித்ததைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு, "மேடம், இது உங்க பேர்ல ரிப்போர்ட்ல வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். "நடந்ததுதானே சார், வரட்டும்" என்றேன். "நிறைய பேர் இதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னாத்தான் அடுத்த ஆளுக்குப் பாடம் நடத்த முடியும்" என்றார். பாடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

பிறகு, "ஏன் அவ்ளோ லேட்டா கிளம்பினீங்க?" என்றார். கரோல் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "என் மகளுக்குத் தெரியாம போகணும்னு" என்றேன். அவர் அவளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு வெடித்தாள். என்னையும் உங்களையும் சேர்த்துத்தான். "நான் என்ன அவ்ளோ பெரிய ராட்சசியா? ரெண்டு பேரும் என்னைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சு போயிருக்கீங்க. அப்பா அன்னைக்கு டிரெயின்ல போறேன்னுகூடச் சொல்லாமப் போனாரு. தாம்பரம் ஸ்டேஷன்ல விழுந்து கிடந்தது நமக்கு எப்ப தெரிஞ்சுது? எங்க போறேன்னு சொல்லிட்டுப் போங்கன்னுதானே எப்பவும் கேக்கறேன்? வேற என்ன கேட்டேன்?" என்றாள்.

மேத்யூ மாரடைப்பில் போய் பதினாறு வருடமாகிறது. அன்று காலை நானும் அவரும் சின்ன வாக்குவாதம், அதனால்தான் சொல்லாமல் போனார். அவள் எங்கே போகிறாய் என்று கேட்பதெல்லாம் அதிகாரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பயம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. என் பெண்ணை இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன், அதுவும் ஒரு விமானம் கவிழ்ந்த பிறகு.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டேன். மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வயது.

இன்று காலை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எங்கடி?" என்றேன். "நங்கநல்லூர் போறேன். சொல்லிட்டுத்தான் போறேன், பாத்துக்கோ" என்றாள். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவள் அங்கே வந்திருப்பாள். நல்லபடியாகப் பேசுங்கள்.

ஃப்ளோரன்ஸ்


அடையாறு
29 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

போன் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் உங்களிடம் எனக்குக் காகிதத்தில்தான் பேச்சு வருகிறது. கரோல் கேலி செய்கிறாள். தபால் பெட்டி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு தெரு சுற்றினேன், ஊன்றுகோல் இல்லாமல்.

அன்று அவள் வந்தபோது நடந்ததை அவளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் என் அம்மா செய்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். கதவைத் திறந்ததும் அம்மா, "வாடியம்மா, அவன் உள்ள இருக்கான். நன்னா திட்டு. நான் அந்தப் பக்கம் போயிடறேன்" என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். கரோல் திட்டவில்லை. என் காலைப் பார்த்தாள், நெற்றித் தழும்பைப் பார்த்தாள். "அரிவாளால அறுத்து எடுத்திருக்காங்கடா உன்னை" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். நானும்தான். அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்து சுண்டல் கொடுக்கும்வரை அழுதோம்.

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. எந்த ஒன்றாலும் விமானம் கவிழவில்லை, எல்லாம் ஒரே மதியத்தில் ஒன்றுசேர்ந்தன என்கிறார் இனாயத். பலமான பக்கக் காற்றில் காத்திருக்காமல் இறங்க முடிவெடுத்தது விமானி. முதல் காரணம் அதுதான், நான் சரியென்று ஏற்றுக்கொண்டேன். கிளம்பத் தாமதமானது, துணிப்பை கிழிந்திருந்தது, உடல்நிலை சரியில்லாத பயணியின் அவசரம், விசையைப் பிடித்த கை, அந்தக் கை வரக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்காத விமானி, எல்லாம் வருகிறது. கிளப் துணிப்பையை மாற்றும்வரை பறக்கத் தடை. கடைசிப் பத்தியில், எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்த பயணியின் செயலால் தீ தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கைதட்டினாள், அத்தை. நிஜமாகவே.

என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபயிற்சி முடித்து, பிப்ரவரியில் தேர்வாளரோடு பறந்து காட்ட வேண்டும். போகலாமா என்று கரோலைக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, "போ. நானும் வந்து கீழ நிக்கறேன்" என்றாள்.

ஷகீலாவைப் போன வாரம் போய்ப் பார்த்தோம். பிறையைப்போல இருக்கிறது என்று என் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தார். "அந்தம்மா கை எப்டி கீது?" என்றுதான் முதல் கேள்வி. புதுப் புடவை ஒன்று கரோல் வாங்கி வந்திருந்தாள். கிழித்ததற்குப் பதில் என்று சொன்னால் வாங்க மாட்டார் என்று, கூடப் பிறந்த அக்காவுக்குத் தம்பி கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

சாய்நாத்


சாந்தோம்
24 பிப்ரவரி 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை காலையில் நீங்கள் மேலே இருந்தபோது இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

கரோல் விடிந்தும் விடியாததுமாகப் போன் செய்தாள். "அம்மா, வேலிகிட்ட நிக்கறேன். ஷகீலா அக்காவும் கூட இருக்காங்க. அவன் ஏறிட்டான்." பிறகு போனை வைக்கவே இல்லை. நானும் வைக்கவில்லை. எனக்கு அங்கே அடிக்கும் காற்றுகூடக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வரான்மா, இறங்கறான், கிட்ட வந்துட்டான்" என்றாள். அப்புறம் இயந்திரம் அலறும் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா! எறங்கல! மேல போறான்! ஏம்மா மேல போறான்?" என்று கத்தினாள். ஷகீலாதான் சொன்னாள், போனிலேயே கேட்டது: "போவட்டும் வுடு கண்ணு. காத்து சரியில்ல, அதான் போறாரு. தரை எங்கியும் ஓடிடாது."

அந்த ஒரு சுற்று முடிவதற்குள் ஜெபமாலையில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பிறகு கரோல் ரொம்பச் சன்னமான குரலில், "எறங்கிட்டான்மா. மெதுவா, பூ மாதிரி" என்றாள்.

நீங்கள் தேறிவிட்டீர்கள் என்பதை அப்புறம்தான் சொன்னாள். முதல் தடவை இறங்காமல் மேலே போனதைத்தான் தேர்வாளர் பாராட்டினார் என்றும் சொன்னாள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. என் பெண் போனில் சிரித்தது போதும். நாற்காலியில் உட்கார்ந்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன், யார் யாருக்கு என்று வரிசை வைக்கவில்லை. மாதா, ஷகீலா, இனாயத், உங்கள் அம்மாவின் ஆஞ்சநேயர், நீங்கள், மேலே தூக்கிப் போட்ட அந்த ஆடிக் காற்றைத் தவிர எல்லாருக்கும் சொன்னேன். பிறகு அதற்கும் சொல்லிவிட்டேன். அது இல்லாவிட்டால் உங்களோடு இன்னும் "சாப்பிட்டீங்களா"விலேயே இருந்திருப்பேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து நேராக இங்கே வந்துவிடுங்கள். உங்கள் அப்பா அம்மாவையும் நானே போனில் அழைத்துவிட்டேன். உங்கள் அம்மா, "நாங்க மீன் சமைச்ச பாத்திரத்துல..." என்று இழுத்தார்கள். கவலைப்பட வேண்டாம் என்றேன். நேற்றே மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் போய்ப் புதுக் குக்கர், புது வாணலி, புதுக் கரண்டி எல்லாம் வாங்கியாகிவிட்டது. மீன் அன்றைக்கு இந்த வீட்டுக்குள் வராது. சாம்பார் மட்டும் எனக்கு அவ்வளவு சரியாக வராது. "நான் சீக்கிரமா வந்து வெச்சுத் தரேன், மாமி, நீங்க காய மட்டும் நறுக்கி வைங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள்.

முருங்கைக்காய் வாங்கவா, கத்திரிக்காய் வாங்கவா? கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அத்தை